ஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்: என் 41,300 ரூபாய் போன கதை

ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சிலிருந்து வந்ததிலிருந்து கொதித்துக்கொண்டிருக்கிறேன். கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. ஆன்லைனில் ஸ்கோப் (ரைபிள் மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கி), அதைப் பொருத்தும் மவுண்ட் எல்லாம் விற்கிற பக்கங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கோப் 34,500, அதற்குக் கீழே போடும் ரெயில் என்கிற உலோகப் பட்டை 6,800. மொத்தம் 41,300 ரூபாய்.

என்னிடம் இருப்பது லைசென்ஸ் உள்ள .22 ரைபிள். 50 மீட்டரிலேயே சுட்டு அலுத்து, 100-க்குப் போகலாம் என்று ஆசை. .22 தோட்டா மெதுவானது. 100 மீட்டர் போய்ச் சேருவதற்குள் அரை மீட்டர் போல இறங்கிவிடும். அதை ஈடுகட்ட, குறியை மேலும் கீழும் நகர்த்தும் ஸ்கோப்பின் மேல் திருகில் நிறைய இடம் வேண்டும். இந்த இடத்தை எம்ஓஏ என்கிற கோண அளவில் சொல்வார்கள், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. அதோடு பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் தாழ்ந்த 20 எம்ஓஏ ரெயிலும் இருந்தால் கவலையில்லை.

கடைக்காரரிடம் போனில் பேசினேன். எடுத்த எடுப்பில் அந்த ஆள் என்ன ரைபிள், எத்தனை மீட்டர், என்ன தோட்டா என்று கேட்டார். இவ்வளவு சரியாகக் கேட்கிறவர் தப்பான பொருளா தருவார் என்று நினைத்துவிட்டேன். வேலூர் என்றதும், "அட, நம்ம ஊரா! நான் ஆம்பூர்ண்ணே" என்றார். அப்புறம் பத்து நிமிஷம் பிரியாணியும் கத்தரிக்காய் தொக்கும்தான் பேச்சு. "ஸ்கோப்ல 60 எம்ஓஏ இருக்கு, ரெயில்ல 20 இருக்கு, கண்ணை மூடிட்டு வாங்குங்கண்ணே." மூடிக்கொண்டுதான் வாங்கினேன். கம்மவான்பேட்டையில் இருக்கும் என் மாமா, பட்டாளத்தில் இருந்தவர், "கையில எடுத்துப் பாக்காம காசு கட்டாதடா" என்று சொன்னார். யார் கேட்டது?

50 மீட்டரில் ஸீரோ வந்துவிட்டது, அதாவது குறி வைத்த இடத்திலேயே குண்டு விழுந்தது. சந்தோஷமாக 100-க்குப் போனேன். மேல் திருகைக் கிளிக் கிளிக்காகத் திருப்பினால், எட்டாவது கிளிக்கில் நின்றுவிட்டது. குண்டுகள் எல்லாம் புள்ளிக்கு 17 சென்டிமீட்டர் கீழே. இன்னும் அழுத்தித் திருப்பப் போனேன், உள்ளே உடைந்துவிடும் என்று மாமா கையைத் தட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து ஸ்கோப்பைக் கழற்றி, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை கிளிக்கை எண்ணினேன். 112. ஒரு கிளிக் கால் எம்ஓஏ, ஆக மொத்தமே 28. அவர் சொன்ன 60 எங்கே? நடுவிலிருந்து மேலே 14தான் கிடைக்கும். குறியை இடம் வலமாக நகர்த்தும் பக்கத் திருகு ரொம்ப ஒதுங்கியிருந்தாலும் மேல்-கீழ் இடம் குறையும், உள்ளே இருக்கிற குழாய் வட்டத்துக்குள் நகர்வதால். என்னுடையது நடுவிலேயேதான் இருந்தது.

சரி, ரெயிலைத்தான் முன்பின் மாற்றிப் போட்டேனோ என்று திருப்பிப் பார்த்தால் எந்தப் பக்கம் தடிமன் என்றே தெரியவில்லை. ராணிப்பேட்டையில் லேத் வைத்திருக்கும் நண்பனிடம் கொண்டுபோனேன். 14 சென்டிமீட்டர் நீள ரெயிலில் 20 எம்ஓஏ வர, இரண்டு முனைக்கும் 0.8 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்க வேண்டும். வெர்னியர் வைத்தான். இந்த முனை 9.1, அந்த முனை 9.1. வெறும் தட்டைப் பட்டை. இதற்கு 6,800!

போன் போட்டேன். முதலில், "மவுண்டைத் தப்பா மாட்டியிருப்பீங்க." போட்டோ அனுப்பினேன். "50-ல சரியா அடிக்குதுல்ல, அப்ப ஸ்கோப் நல்லாத்தான் இருக்கு." வெர்னியர் படத்தையும் அனுப்பினேன். "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா?" இல்லை. கடைசியாகச் சொன்னதுதான் வயிற்றெரிச்சல்: "உங்க ஊர் வெயிலுக்கு மெட்டல் அப்படித்தான் ஆகும் சார்." பணம் கட்டும்வரை நம்ம ஊர், அண்ணே. கட்டிய பிறகு உங்க ஊர், சார். பாலாறு காயும் வெயில்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக ரெயிலின் ஒரு முனை மட்டும் கரைந்துபோகுமா? அதற்கப்புறம் நீல டிக் மட்டும்தான், பதில் இல்லை. 41,300 ரூபாய்க்கு நீல டிக்.

ஸ்கோப் வாங்குவது எப்படி என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ரைபிளில் மாட்டும் முன் கிளிக்கை எண்ணிவிடுங்கள். ரெயிலின் இரண்டு முனையையும் அளந்து பாருங்கள். போனில் சொன்ன எண்களை பில்லில் எழுதி வாங்குங்கள், என் பில்லில் வெறும் "ஸ்கோப் - 1, ரெயில் - 1" என்றுதான் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடித்துப் புகார் கொடுத்திருக்கிறேன். அந்த ஸ்கோப்பைப் பாதி விலைக்குத் தருவாயா என்று யாரும் கேட்க வேண்டாம், புகார் முடியும்வரை அது பெட்டியிலேயே இருக்கும்.