பட்டாணி பஃபரோடு மூன்றரை வருடம்: யாரோடு விடலாம், யாரோடு கூடாது

முதல் நாள் சாயங்காலமே மகள் கூப்பிட்டுக் காட்டினாள். “அப்பா, ஆரஞ்சு கப்பிக்கு வாலக் காணோம்ப்பா.” காலையில் பாவாடை மாதிரி விரிந்திருந்த வாலில் அரைவட்டமாக ஒரு வெட்டு. எலி கொறித்த பிஸ்கட் போல இருந்தது. கடித்த ஆள் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. மூலையில் நின்ற இடத்திலேயே மிதந்துகொண்டு, ஒரு கண்ணால் கப்பியையும் மறு கண்ணால் எங்களையும் பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றரை வருடம் ஆகிறது. பட்டாணி பஃபர் என்கிற இந்தக் குட்டி மீனை வேறு மீன்களோடு விடலாமா என்று கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

வாங்கும்போது கடைக்காரர் சொன்னது: “சின்ன மீன் சார், எதோட வேணா விடுங்க.” சின்ன மீன் என்பது வாஸ்தவம். முழுதாக வளர்ந்தாலே 3.5 சென்டிமீட்டர்தான். நம் கடற்கரையில் பேத்தை என்று வலையிலிருந்து எடுத்து வீசுவார்களே, அந்த வகையறா. ஆனால் இது உப்பே தேவைப்படாத ஆற்று மீன், கேரளத்துக்காரன். 1941-ல் ஹோரா, நாயர் என்ற இரண்டு மீன் ஆய்வாளர்கள் பம்பை ஆற்றில் கிடைத்ததை வைத்து இதை விவரித்தார்கள். அறிவியல் பெயரிலேயே திருவிதாங்கூர் இருக்கிறது. இன்று உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயூசிஎன் பட்டியலில் அழிவாய்ப்பு இனம். கடைக்கு வருவதில் நிறைய ஆற்றில் பிடித்தவை என்பதால் வயிற்றுப் புழுவும் கூடவே வரும். நான் வாங்கிய ஆறில் ஒன்று தின்றுகொண்டே மெலிந்து இரண்டாம் வாரம் செத்தது. இனி வாங்கினால் மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்காமல் சேர்க்கமாட்டேன்.

என்னுடையது இரண்டடித் தொட்டி, சுமார் 60 லிட்டர் தண்ணீர், ஸ்பாஞ்ச் ஃபில்டர், அடியில் மணல். சென்னையில் ஹீட்டர் தேவைப்படவில்லை. மே மாதத்தில் மேலே ஒரு சின்ன ஃபேன் வைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

கப்பிக்கு வருவோம். பஃபர் துரத்திக் கடிப்பதில்லை. மெதுவாகப் பின்னால் வந்து நிற்கும். வாலை ஒரு பக்கமாக மடித்துக்கொள்ளும். உடம்பு அசையாமல் கண் மட்டும் சுழலும். நாம் கண் சிமிட்டுவதற்குள் ஒரு கடி, உடனே நல்ல பிள்ளை மாதிரி பின்வாங்கல். வால் மடிந்தால் கடி நிச்சயம் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று தெரியாது. நான்கு கப்பியில் இரண்டு ஒரு வாரத்தில் போய்விட்டன, மிச்சம் இரண்டைப் பக்கெட்டுக்கு மாற்றினேன். நீண்ட வாலோ துடுப்போ, மெதுவான நீச்சலோ இருக்கிற எதுவும் இதோடு ஆகாது. பீட்டா என்கிற சண்டை மீனைச் சேர்க்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம் சாமி.

அடுத்து எட்டு நியான் டெட்ரா. ஐந்து வாரம் ஒரு சண்டை இல்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். பிறகு ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் ஊருக்குப் போய்வந்தோம். திரும்பிப் பார்த்தால் எட்டில் ஐந்துக்குத் துடுப்பு கந்தல். அப்போதுதான் எனக்கு உறைத்தது: அந்த ஐந்து வாரம் அமைதியாக இருந்தது நான் வேளாவேளைக்குப் போட்ட பிளட் வார்ம் என்கிற சிவப்புப் புழுவால்தானே தவிர, மீனின் குணத்தால் இல்லை. வயிறு காய்ந்தால் பக்கத்தில் நீந்துகிறதெல்லாம் இதற்குச் சாப்பாடு.

வேகமான மீனாக இருந்தால் தப்பித்துவிடுமே என்று வரிக்குதிரை டேனியோ போட்டுப் பார்த்தேன். தப்பித்தன, வாஸ்தவம். ஆனால் கதை தலைகீழானது. பஃபர் ஒரு புழுவைச் சுற்றிவந்து, முகர்ந்து, யோசித்து வாயில் வைப்பதற்குள் டேனியோ பத்துப் புழுவை முடித்துவிடும். ஒரே மாதத்தில் பஃபர்களுக்கு வயிறு ஒட்டிவிட்டது. ரவுடி என்று பெயரெடுத்த மீன் பட்டினி கிடந்ததை யாரும் கடையில் சொல்லவில்லை. டேனியோவை நண்பருக்குக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சில் புழுவை உறிஞ்சி, ஒவ்வொன்றின் மூக்குக்கு நேராகவே விடுகிறேன்.

இதுவரை தாக்குப்பிடித்தது குய்லி லோச் என்கிற ஒல்லி மீன் மட்டும்தான். நான்கு விட்டேன், மூன்று இருக்கிறது; போன ஒன்று மூடி இடுக்கு வழியாக எகிறி வெளியே விழுந்தது, பஃபர்மேல் பழி இல்லை. பகலில் மணலுக்குள்ளும் கல்லடியிலும் கிடப்பதால் கண்ணில் படுவதில்லை, கடிக்க வாலும் சரியாகச் சிக்குவதில்லை.

உண்மையில் அதிகம் அடித்துக்கொண்டது பஃபரும் பஃபரும்தான். குட்டியில் ஆண் பெண் தெரியாது. வளர்ந்தபின் ஆணுக்கு வயிற்றோரம் கருங்கோடும் கண்ணுக்குப் பின்னால் சுருக்கமும் வரும். என் ஐந்தில் மூன்று ஆண். ஒன்று ஃபில்டருக்குப் பின்னாலேயே ஒளிந்து கருத்துப்போயிருந்தது. அதையும் நண்பர் வீட்டுக்கு அனுப்பி, இரண்டு பெண் சேர்த்தேன். இடம் மாற்றும்போது வலை போடாமல் டம்ளரால் மொண்டு எடுங்கள். தண்ணீருக்கு வெளியே பயந்து உப்பினால் காற்றை விழுங்கிவிடும்.

அதைவிடப் பலன் தந்தது செடி. ஹைட்ரில்லாவையும் வாலிஸ்நேரியாவையும், ஒரு முனையில் நிற்கிற மீனுக்கு மறுமுனை தெரியாத அளவுக்கு அடர்த்தியாக வளரவிட்டேன். பார்த்தால்தானே சண்டை. முன்பு தினமும் நடந்த துரத்தல் வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. தொட்டி அழகாக இல்லை, புதர் மாதிரி இருக்கிறது என்று வருகிறவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும்.

சாப்பாட்டுச் செலவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் தப்பு. குருணைத் தீவனமான பெல்லட்டை என் பஃபர்கள் வாயில் வைத்துத் துப்பியதோடு சரி. வளர்ப்பு மீன் கடைகள் இருக்கிற கொளத்தூர் போனால் உறைய வைத்த பிளட் வார்ம் கிடைக்கும், அது வாரத்தில் நான்கு நாள். மிச்ச நாள் நத்தை. நத்தை ஓட்டைக் கொத்திக் கொத்தித்தான் பஃபரின் வளர்ந்துகொண்டே போகிற பல் தேயும். அதற்காக பால்கனியில் ஒரு டப்பில் ரேம்ஸ்ஹார்ன் நத்தை வளர்க்கிறேன், வெந்நீரில் வாட்டிய வெள்ளரித் துண்டு போட்டால் போதும், பெருகும். “மீன வளர்க்க நத்தையா, நத்தைய வளர்க்க மீனா மாப்ள?” என்று மாமியார் கேட்டார். பதில் இல்லை. கொசு மருந்து அடிக்க வந்தவர் டப்பைக் கவிழ்க்கப் பார்த்த அன்று, தண்ணீரில் கொசுப்புழு இல்லை என்று டார்ச் அடித்துக் காட்டி அனுப்பினேன். இப்போது மேலே வலை கட்டியிருக்கிறது.

செர்ரி இறால் இருபது விட்டேன். ஜாவா மாஸ் என்கிற பாசி திரளாக இருந்ததால் கொஞ்சம் நம்பிக்கை. குட்டிகள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பெரியவையும் தோலுரித்து மெத்தென்று இருக்கிற நாளில் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. தீர்ந்தது என்று எழுதிவைத்துவிட்டேன். போன மாதம் ராத்திரி பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது தொட்டிமேல் செல்போன் வெளிச்சம் பட்டது. பஃபர்கள் ஆறும் இலையோரம் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தன. மாஸுக்குள்ளிருந்து ஒரே ஒரு சிவப்பு இறால் வெளியே வந்து, அவற்றுக்கு நாலு விரல் தள்ளி, மிச்சம் கிடந்த பிளட் வார்மை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.