கட்டமா, பெருக்கலா?

பிறக்கப்போகும் பிள்ளைக்கோ அடுத்த தலைமுறைச் செடிக்கோ ஒரு பண்பு வருமா என்று கணிக்க இரண்டு வழிகள் அதிகம் புழங்குகின்றன. ஒன்று, பள்ளியில் எல்லோரும் வரைந்த புன்னெட் கட்டம்: பெற்றோர் தரக்கூடிய மரபணு வடிவங்களை மேலும் பக்கத்திலும் எழுதி, சேர்க்கைகளை அறைகளில் நிரப்புவது. மற்றது, ஒவ்வொரு மரபணுவுக்கும் நிகழ்தகவைத் தனித்தனியாகக் கண்டு பெருக்கிவிடுவது. நான் பெருக்கலுக்கு மாறி வெகுகாலம் ஆயிற்று. ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரே ஒரு மரபணு என்றால் கட்டம் போதும். நான்கு அறைகள், 3:1 விகிதம், வேலை முடிந்தது. மெண்டலின் பட்டாணியில் 5474 உருண்டை விதைகள், 1850 சுருங்கிய விதைகள். ஏன் ஏறக்குறைய 3:1 வருகிறது என்பதைக் கட்டம்போல் வேறெதுவும் கண்முன் காட்டாது. மூன்று மரபணு வந்தால் 64 அறை. அதை வரைய யாருக்குப் பொறுமை இருக்கிறது? உயரமான, வெள்ளைப் பூப் பூக்கும், சுருங்கிய விதையுள்ள செடி வேண்டுமா? உயரம் ஓங்கு பண்பு, மற்ற இரண்டும் ஒடுங்கு பண்புகள்; எனவே மூன்றுக்கும் கலப்பினமான பெற்றோரிடமிருந்து 3/4 × 1/4 × 1/4, அதாவது 3/64. ஒரு வரிதான்.

ஆனால் நான் மாறியதற்குக் காரணம் அறைகளின் எண்ணிக்கை அல்ல. கட்டம் வரைய, பெற்றோர் இருவரின் மரபணு அமைப்பும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நிஜத்தில் வரும் கேள்விகளில் பெரும்பாலும் அதுதான் தெரியாது.

ஒரு பெண்ணின் தம்பிக்கு பீட்டா தலசீமியா மேஜர் என்ற கடுமையான பரம்பரை ரத்த நோய் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு நோய் இல்லை. அவளுடைய பெற்றோர் இருவரும் கேரியர்கள், அதாவது பழுதான மரபணுவின் ஒரு பிரதி மட்டும் இருப்பதால் தங்களுக்கு நோயில்லாமல் அதைப் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர்கள். கணவரும் கேரியர் என்பது உறுதி. குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு என்ன? அவள் கேரியரா என்பதை ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் சொல்லிவிடும். அதற்கு முன் கையில் இருப்பது கணக்கு மட்டும்தான்.

அவளுடைய பெற்றோருக்குக் கட்டம் வரைந்தால் நான்கில் ஓர் அறை நோய், இரண்டு கேரியர், ஒன்று எதுவுமில்லை. அவளுக்கு நோய் இல்லை என்று தெரிந்ததால் முதல் அறையை அடித்துவிடலாம். மிச்சம் மூன்று, அதில் இரண்டு கேரியர். எனவே 2/3. பலரும் பாதிக்குப் பாதி என்று சொல்லிச் சறுக்கும் இடம் இது. இதுவரை கட்டம் உதவுகிறது, சரி. இனி பெருக்கல்தான்: 2/3 × 1/4 = 1/6.

அப்புறம், அவளுக்கு ஆரோக்கியமான குழந்தை ஒன்று பிறந்தால்? அவள் கேரியராக இருந்தும் அப்படிப் பிறக்க 2/3 × 3/4 = 1/2. கேரியராக இல்லாமல் பிறக்க 1/3 × 1 = 1/3. இரண்டும் சேர்ந்தால் 5/6. அதில் கேரியரின் பங்கு 3/5. அடுத்த குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 3/5 × 1/4 = 3/20. புதுத் தகவல் வர வர எண்ணைத் திருத்தும் இந்த வசதி கட்டத்தில் இல்லை.

பெருக்கலுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: மரபணுக்கள் ஒன்றையொன்று சாராமல் பிரிய வேண்டும். ஒரே குரோமோசோமில் அருகருகே இருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். இனிப்புப் பட்டாணியின் பூ நிறமும் மகரந்த வடிவமும், சாராமல் பிரியும் இரண்டு மரபணுக்களுக்கு எதிர்பார்க்கும் 9:3:3:1 விகிதத்துக்கு அடங்காததைக் கண்டவர்களில் கட்டத்துக்குப் பெயர் தந்த புன்னெட்டும் ஒருவர் என்பது வேடிக்கை. இப்படி அருகருகே இருந்து சேர்ந்தே கடத்தப்படும், இணைப்புள்ள மரபணுக்களில் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் அங்கே எந்த வழி தேவலை என்று அடித்துச் சொல்லமாட்டேன். உயரம், தோல் நிறம் போலப் பல மரபணுக்களோடு சூழலும் சேர்ந்து தீர்மானிக்கும் பண்புகளுக்கோ இரண்டையுமே நான் எடுப்பதில்லை.