ஃப்ரீடாஸ் 1.3: நினைவகம் எளிது, வட்டுக்குத்தான் யோசிக்க வேண்டும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பெயின்ட், இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஜி.எஸ்.டி. பில்லுக்குப் புதுக் கணினி இருக்கிறது. ஆனால் கொத்தனார்கள், பெயின்டர்கள், மேஸ்திரிகள் பெயரில் உள்ள பாக்கிப் பேரேடும் கிடங்கு இருப்பும் தொண்ணூறுகளில் கிளிப்பர் என்ற பழைய நிரல் மொழியில் எழுதி வாங்கிய நிரலில்தான் இன்றும் ஓடுகின்றன. எழுதிக் கொடுத்தவர்கள் தொழிலை விட்டே போய்விட்டார்கள். மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளமான எம்எஸ்-டாஸ் 6.22 மீது ஓடிக்கொண்டிருந்த அந்தக் கணினியின் வட்டு முனகத் தொடங்கியதும் மாற்று தேடினோம். புதுச்சேரியில் ஒரு கணினிக் கடையில், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் புது மென்பொருள், புதுக் கணினி, புது பிரிண்டர் என்று விலைப்பட்டியலை நீட்டினார்கள். தொகையைப் பார்த்ததும் முதலாளிக்குப் பழைய பெட்டி மீது திடீர்ப் பாசம் வந்துவிட்டது. “என்னம்மா, இது இன்னும் கொஞ்ச நாள் ஓடாதா?” என்றார். ஓடும். அதற்கு நான் போட்டது, எம்எஸ்-டாஸுக்கு மாற்றான ஃப்ரீடாஸ் 1.3.

மைக்ரோசாஃப்ட் டாஸைக் கைவிடப் போகிறது என்று தெரிந்ததும் 1994 ஜூன் மாதத்தில் ஜிம் ஹால் என்ற அமெரிக்க மாணவர் தொடங்கிய திட்டம் இது. 1.0 பதிப்பு வரவே 2006 ஆகிவிட்டது, 1.3 வந்தது 2022 பிப்ரவரியில். இலவசம், மூல நிரலும் திறந்தது. நிறுவுவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சிடியிலிருந்து கணினியை இயக்கினால் கேள்வி கேட்டுக்கொண்டே அதுவே முடித்துவிடுகிறது.

டாஸ் என்றாலே எல்லோரும் நினைவகத்தைப் பற்றித்தான் பயமுறுத்துவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் 8088 சில்லு ஒரு மெகாபைட்டுக்கு மேல் எதையும் தொட முடியாது. அதிலும் 640 கிலோபைட்டுக்கு மேலே உள்ள பகுதி திரைக்கும், கணினியை முதலில் எழுப்பும் பயாஸுக்கும் போய்விடும். மிச்சமிருந்த 640க்குள்தான் டாஸ், மவுஸ், சிடி டிரைவ், நம் நிரல் எல்லாம் நெருக்கியடித்து உட்கார வேண்டும். பிற்காலத்தில் வந்த கணினியில் 512 மெகாபைட் ராம் போட்டிருந்தாலும் இதே கதைதான். 1991இல் எம்எஸ்-டாஸ் 5 வந்தபோதுதான் மைக்ரோசாஃப்ட் டாஸின் பெரும்பகுதியை ஒரு மெகாபைட் எல்லைக்குச் சற்று மேலே உள்ள 65,520 பைட் இடத்துக்குத் தூக்கி வைக்க வழி செய்தது. அதற்கு முந்தைய ஆண்டே போட்டி நிறுவனத்தின் டிஆர்-டாஸ் 5 இதைச் செய்துவிட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இந்த ஏற்பாட்டுக்காகத் தொடக்கக் கோப்பில் வரிகளை மேலும் கீழும் மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு தடவையும் கணினியை மறுபடி இயக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த அலுப்பு நன்றாகவே தெரியும்.

ஃப்ரீடாஸில் அந்த வேலை ஏறக்குறைய முடிந்தே வருகிறது. கணினி எழும்போது நான்கு வரிப் பட்டியல் ஒன்று திரையில் நிற்கும். முதல் வரி ஜெம்மெக்ஸ் என்ற நினைவக நிர்வாகி: 640க்கு மேலே உள்ள சந்து பொந்துகளை எல்லாம் பயன்படுத்திக் கீழே அதிக இடம் விடும், ஆனால் இஎம்எஸ், அதாவது 640க்கு வெளியே உள்ள ராமைச் சிறு சாளரம் வழியாகக் காட்டும் நினைவகம், தராது. இரண்டாவது வரி ஜெம்386: இஎம்எஸ் உண்டு, அதன் சாளரத்துக்காக மேல்பகுதியில் 64 கிலோபைட்டைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இரண்டும் கோளாறு வந்தால் தேர்ந்தெடுப்பதற்கு. பெரும்பாலானவர்களுக்கு முதல் வரியே போதும். எங்கள் நிரலோ இஎம்எஸ் இருந்தால் மட்டுமே பெரிய பேரேட்டைத் தடங்கலின்றி வரிசைப்படுத்தும். அதனால் இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுத்து, மேலே இடம் பிடிக்கும் சிடி டிரைவரைத் தொடக்கக் கோப்பிலிருந்து நீக்கிவிட்டேன். பாக்கிப் பேரேடு சிடி கேட்கப் போவதில்லை. பிறகு ‘மெம்’ கட்டளை கொடுத்துப் பார்த்தால் கீழே 600 கிலோபைட்டுக்கு மேல் காலி. நினைவகப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது.

உட்கார்ந்து யோசிக்க வேண்டியது வட்டைப் பற்றித்தான். வட்டில் கோப்புகளை அடுக்கும் முறைகளில், பெரிய வட்டுக்கு எம்எஸ்-டாஸ் 6.22க்கு ஃபேட்16 மட்டுமே தெரியும். வட்டைப் பிரித்துப் போடும் ஒரு பகுதி (பார்ட்டிஷன்) 2 ஜிபியைத் தாண்ட முடியாது. அளவைவிடப் பெரிய தொந்தரவு விரயம். 1 ஜிபிக்கு மேற்பட்ட ஃபேட்16 பகுதியில் ஒவ்வொரு கோப்புக்கும் குறைந்தது 32 கிலோபைட் ஒதுக்கப்படும். எங்கள் நிரல் தினமும் ஒரு குட்டிக் கோப்பை எழுதும், முந்நூறு நானூறு பைட் இருக்கும். கால் கிலோ ஆணி வாங்க வந்தவருக்கு ஆளுக்கொரு கோணி கொடுப்பது போல. அப்படி 3,000 கோப்பு சேர்ந்தால் 90 மெகாபைட்டுக்கு மேல் வீண். ஃப்ரீடாஸ் ஃபேட்32ஐ நேராகவே படிக்கும், எழுதும். அதில் 8 ஜிபிக்கு உட்பட்ட பகுதியில் ஒரு கோப்புக்கு ஒதுக்கும் குறைந்தபட்சத் துண்டு வழக்கமாக 4 கிலோபைட்தான்.

அதற்காக வட்டு முழுவதையும் ஒரே பகுதியாக ஆக்கிவிடாதீர்கள். பழைய நிரல்கள் சிலவற்றுக்கு 2 ஜிபிக்கு மேல் காலியிடம் இருந்தால் கணக்குப் பிசகி, ‘வட்டில் இடமில்லை’ என்று நின்றுவிடும். அந்த வம்பே வேண்டாம் என்று பேரேட்டுக்கு மட்டும் ஒன்றரை ஜிபியில் தனி ஃபேட்32 பகுதி போட்டேன்.

அடுத்தது கரண்ட். எங்கள் தெருவில் அது எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் பேட்டரியையும் நம்ப முடியாது. டாஸ் காலத்து ஸ்மார்ட்டிரைவ், வட்டில் எழுத வேண்டியதைக் கொஞ்ச நேரம் ராமிலேயே வைத்திருந்து எழுதும் வழக்கம் உடையது. அந்த இடைவெளியில் கரண்ட் போனால் போட்ட வரவு போனதுதான். ஃப்ரீடாஸுடன் வரும் எல்பிஏகேஷ் படிப்பதை மட்டும் வேகப்படுத்துகிறது. எழுதுவது நேராக வட்டுக்குப் போகிறது. எனக்கு இது பெரிய ஆறுதல். ஆனாலும் ஃபேட் முறையில் பாதியில் நின்ற எழுத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் ஏற்பாடு கிடையாது. ‘டாஸ்எஃப்எஸ்சிகே’ என்ற வட்டுச் சோதனை நிரலை ஓட்டித்தான் பார்க்க வேண்டும். ஃப்ரீடாஸுடன் வரும் ‘செக்டிஸ்க்’ ஃபேட்32ஐத் தொடாது. பெயர் தெரிந்த கட்டளை என்று நம்பி அதை ஓட்டுபவர்கள் ஏமாறுவார்கள்.

பென்டிரைவ் கதை அவ்வளவு திருப்தியில்லை. கணினியை இயக்கும் முன்பே செருகியிருந்தால் பயாஸ் அதை ஒரு வட்டாகக் காட்டும். நடுவில் செருகினால் கண்டுகொள்ளாது. இப்போது விற்கும் 64 ஜிபி பென்டிரைவ்கள் பல எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன, அதை ஃப்ரீடாஸ் படிக்காது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கதையும் அப்படியே. சின்னதாக ஒன்றை ஃபேட்32ஆக மாற்றி இதற்கென்றே மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். கடைப் பையன் அதில் சினிமாப் பாட்டு ஏற்றாமல் பார்த்துக்கொள்வது தனி வேலை. கோப்புப் பெயர் எட்டு எழுத்து, புள்ளி, மூன்று எழுத்து. நீளப் பெயருக்கு டாஸ்எல்எஃப்என் என்ற துணை நிரல் உண்டு. அது நினைவகத்தில் இடம் கேட்கும், எங்கள் நிரலுக்கோ நீளப் பெயரே தெரியாது. விட்டுவிட்டேன்.

யாருக்கு இது உதவும்? பயாஸ் உள்ள பழைய கணினியும், பழைய இணை போர்ட்டில் மாட்டிய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரும், விட மனமில்லாத ஒரு டாஸ் நிரலும் வைத்திருப்பவர்களுக்கு. பயாஸுக்குப் பதிலாக யுஇஎஃப்ஐ மட்டுமே உள்ள புதுக் கணினியில் இது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. யுஎஸ்பி பிரிண்டரில் அச்சிடலாம் என்று நினைப்பவர்களும் இதில் ஒரு மாலையைக்கூட வீணாக்க வேண்டாம்.