சவாசனமா, ஜேக்கப்சன் முறையா? இறுகிப்போன உடம்புக்கு எது சரி

நாள் முழுக்க லேப்டாப் முன்னாடி உக்காந்து கழுத்தும் தோளும் கல்லு மாதிரி ஆயிடுதா, ரெண்டு வழி இருக்கு, ரெண்டுக்கும் பைசா செலவில்ல.

சவாசனம் எல்லாருக்கும் தெரியும். மல்லாக்க படுத்து, காலை லேசா அகட்டி, உள்ளங்கை மேல பாத்த மாதிரி வச்சு, கால் விரல்லருந்து தலை வரைக்கும் ஒவ்வொரு இடமா தளர விடணும். ஆனா புதுசா செய்றவங்களுக்கு இது நெனச்ச அளவு ஈஸி இல்லங்க, தோள் இறுகியிருக்குன்னே நமக்கு தெரியாதப்போ அதை எப்படி தளத்துறது?

அமெரிக்க டாக்டர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920கள்ல சொன்ன முறை இங்கதான் கை கொடுக்குது. இதுல முதல்ல வேணும்னே இறுக்கணும். தோளை காது வரைக்கும் தூக்கி ஒரு 5 செகண்ட் பிடிச்சு, டக்குன்னு விட்டுட்டு, அரை நிமிஷம் சும்மா இருந்து அந்த வித்தியாசத்த கவனிங்க, அப்புறம் கை, முகம், வயிறு, தொடைன்னு போகலாம். கெண்டைக்காலுக்கு மட்டும் பாதத்த உங்க பக்கமா இழுங்க, கீழ்ப்பக்கமா நீட்டி இறுக்குனா தசை பிடிச்சிக்கலாம். மூச்ச அடக்காதீங்க.

என்னைக் கேட்டா ஆபீஸ் இறுக்கத்துக்கு ஜேக்கப்சன்தான். ஜிம்முல நல்லா வேலை வாங்கி தசை வலிக்குதுன்னா, இல்ல அடிபட்ட இடம்னா, அதை மறுபடி இறுக்கவே வேணாம், சவாசனம் போதும். முதுகு வலி இருக்கவங்க முட்டிக்கு அடியில ஒரு தலகாணி வச்சுக்கங்க. கை மரத்துப்போகுதுன்னா ரெண்டையும் விட்டுட்டு டாக்டர்கிட்ட போங்க.