அயர்லாந்தில் பூர்வீகம் தேட எது நல்ல வழி: டப்ளினா, கிராமமா, ஆய்வாளரா?

குடும்பத்தோடு அயர்லாந்து போய் மூதாதையர் ஊரைத் தேட நினைப்பவர்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. டப்ளினில் தங்கி ஆவணங்களைப் புரட்டலாம். காரை எடுத்துக்கொண்டு நேரே அந்தக் கிராமத்துக்கே போகலாம். இல்லையென்றால் காசு கொடுத்து ஒரு வம்சாவளி ஆய்வாளரிடமோ மாவட்டப் பாரம்பரிய மையத்திடமோ வேலையை ஒப்படைக்கலாம். என் சம்பந்தி வீட்டார் பாஸ்டன்காரர்கள். அவர்கள் முன்னோர் 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்ச காலத்தில் ராஸ்காமன் மாவட்டத்திலிருந்து கப்பலேறியவர்கள். பேரப்பிள்ளைகள் முதல் சம்பந்தியம்மா வரை எல்லோரும் கிளம்பியபோது நாங்களும் ஒட்டிக்கொண்டோம். மூன்று வழியையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்த்ததில் என் கட்சி இதுதான்: காகித வேலையை வீட்டிலேயே முடித்துவிட்டு, பயண நாட்களைக் கிராமத்துக்குக் கொடுக்க வேண்டும்.

முதலில் டப்ளின். "மூல ஆவணமெல்லாம் அங்கேதானே இருக்கிறது" என்பார்கள். பாதிதான் உண்மை. 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போர் தொடங்கிய சில நாட்களில், டப்ளினின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் சில துண்டுகள் தவிர எல்லாமே போயின. ஆங்கிலிக்கன் பங்குகளின் (தேவாலய வட்டாரங்களின்) பதிவேடுகளில் பாதிக்கு மேல் போயின. உயில்களும் அப்படியே. 1861, 1871 கணக்கெடுப்புகளை அதற்கு முன்பே அரசாங்கமே அழித்திருந்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாயின. ஆக, அந்தக் காலத்துக் கணக்கெடுப்புகளில் முழுசாகத் தப்பியவை 1901, 1911 இரண்டும்தான்.

அந்த இரண்டும் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். கத்தோலிக்கப் பங்குகளின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் ஏறத்தாழ 1880 வரை, 2015 முதல் தேசிய நூலகத்தின் தளத்தில் இருக்கின்றன. 1864-இல் தொடங்கிய பிறப்பு, இறப்புப் பதிவுகளையும் அரசுத் தளத்திலேயே படமாகப் பார்க்கலாம். பிறப்புக்கு நூறு ஆண்டு, திருமணத்துக்கு எழுபத்தைந்து, இறப்புக்கு ஐம்பது ஆண்டு கடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். 1847 முதல் 1864 வரை நடந்த கிரிஃபித் நில மதிப்பீடும் இணையத்தில் இலவசம். யார் எந்த நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்தார் என்று வரைபட எண்ணோடு சொல்லும் பட்டியல் அது. இவ்வளவையும் பாஸ்டனில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே பார்க்கலாம் என்னும்போது, டப்ளினில் ஓட்டல் வாடகை கொடுத்து, குழந்தைகளை வாசிப்பறைக்கு வெளியே மாற்றி மாற்றிக் காவல் காப்பானேன்?

பதிவேடுகளைப் படிக்கவும் பொறுமை வேண்டும். பல பங்குகளில் பெயர்களை லத்தீனில் எழுதியிருப்பார்கள். ஜேம்ஸைத் தேடுபவர் யாக்கோபுஸைத் தேட வேண்டும், வில்லியமைத் தேடுபவர் குலியெல்முஸை. ஞானப்பெற்றோர் (திருமுழுக்கில் குழந்தைக்குப் பொறுப்பாக நிற்பவர்கள்) பெயர்களைக் குறித்துக்கொள்வது முக்கியம், பெரும்பாலும் அவர்கள் சித்தி, மாமா முறைக்காரர்களாகத்தான் இருப்பார்கள். வயதை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரே வீட்டுத் தாளை 1901-இலும் 1911-இலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பத்து ஆண்டுகளில் பாட்டிக்குப் பதினாறு வயது கூடியிருக்கும். 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் வந்ததுதான் காரணம். 1864-க்கு முன் பிறந்தவர்களுக்கு அரசுப் பிறப்புச் சான்றே கிடையாது; வாய்க்கு வந்த வயதுதான்!

டப்ளினுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் அதற்கு ஒரே ஒரு நல்ல காரணம், நில மதிப்பீட்டு அலுவலகத்தின் (2023 முதல் Tailte Éireann என்ற அரசு அமைப்பின் பகுதி) அடித்தல் திருத்தல் ஏடுகள். நம்மூர் அடங்கல் மாதிரி, குத்தகைதாரர் மாறும்போதெல்லாம் பழைய பெயரை அடித்து, வேறு நிற மையில் புதுப் பெயரும் ஆண்டும் எழுதுவார்கள். கிரிஃபித் காலத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டுக்குள் வரை இப்படியே பின்தொடரலாம். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் நிலம் இன்று யார் கையில் இருக்கக்கூடும் என்பது இதில்தான் பிடிபடும். ஒரு பெரியவர் இதற்குப் போகட்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் துறைமுகக் கரையில் இருக்கும் எபிக் புலம்பெயர்வு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். நுழைவுச்சீட்டோடு பாஸ்போர்ட் மாதிரி ஒரு கையேடு தருவார்கள், அறைக்கு அறை முத்திரை குத்திக்கொண்டே போவது சின்னப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

இப்போது கிராமம். மாவட்டப் பெயர் மட்டும் தெரிந்து போனால் ஒன்றும் நடக்காது. ராஸ்காமனில் போய்க் "கெல்லி குடும்பம்" என்று விசாரித்தால் சிரிப்பார்கள். உங்களுக்கு வேண்டியது டவுன்லேண்ட் பெயர். நிலத்தின் மிகச் சிறிய பிரிவு அது. நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, சிலவற்றில் நாலைந்து வீடுகள்தான். அந்தப் பெயர் பெரும்பாலும் அயர்லாந்தில் கிடைக்காது, அமெரிக்காவில்தான் கிடைக்கும்: கல்லறைக் கல்லில், பாஸ்டன் பங்கின் திருமணப் பதிவேட்டில், பழைய இரங்கல் செய்தியில். பாஸ்டன் பைலட் என்ற கத்தோலிக்கப் பத்திரிகை 1831 முதல் 1921 வரை காணாமல் போன உறவினர்களைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. பிறந்த பங்கு முதல் கப்பல் வரை அதில் எழுதியிருப்பார்கள்.

டவுன்லேண்டும் கிரிஃபித் வரைபட எண்ணும் கையில் இருந்தால் மீதி எளிது. நம்மைப் போல இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள், அதனால் எங்களில் ஸ்டீயரிங் என் கைக்கு வந்தது. கிராமச் சாலை ஒரு வண்டி அகலம், நடுவில் புல், இரு பக்கமும் கல்சுவர். எதிரே டிராக்டர் வந்தால் நாம்தான் பின்னால் போக வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் வீடு முழுசாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். எங்களுக்குக் கிடைத்தது கூரையில்லாத ஒரு முக்கோணச் சுவர், அடுப்புக்கல், இடுப்பளவு காஞ்சொறிச் செடி. கல்லறையிலும் அப்படித்தான்: பஞ்ச காலத்து ஏழைகளுக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது.

ஆனால் ஆட்கள் இருக்கிறார்கள். வேலியோரம் நின்ற ஒரு முதியவர் சம்பந்தியிடம், "நீங்கள் மேட்டுக் கெல்லியா, ஆற்றுக் கெல்லியா?" என்று கேட்டார். எந்தக் காப்பகமும் இந்தக் கேள்வியைக் கேட்காது. அடுத்த அரைமணியில் அவர் வீட்டு மேசையில் தேநீர், ரொட்டி, ஒரு பெட்டி நிறையப் பழைய புகைப்படம். அயர்லாந்து ரீச்சிங் அவுட் என்ற தன்னார்வ அமைப்புக்கு முன்கூட்டியே எழுதினால் அந்தந்தப் பங்கில் விவரம் தெரிந்தவரோடு இணைத்துவிடுவார்கள். பங்குத்தந்தைக்கும் முன்னதாகவே எழுதுங்கள். திடீரென்று கதவைத் தட்டிப் பதிவேட்டைக் கேட்பது சரியல்ல.

பக்கத்திலேயே ஸ்ட்ரோக்ஸ்டவுனில் தேசியப் பஞ்ச அருங்காட்சியகம் இருக்கிறது. 1847-இல் அந்த ஊர் நிலப்பண்ணையின் 1,490 குத்தகைக் குடிகளை டப்ளினுக்கு நடத்தி, அங்கிருந்து லிவர்பூல் வழியாக கியூபெக்குக்குக் கப்பலேற்றினார்கள். அதே ஆண்டு நவம்பரில் பண்ணை முதலாளி டெனிஸ் மேஹன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நடைபாதை இன்று 165 கிலோமீட்டர் நடைபயணப் பாதை. வழிநெடுக வெண்கலக் காலணிச் சிற்பங்கள். மற்ற எல்லா இடத்திலும் சலித்துக்கொண்ட பேரன் இங்கே வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது வழியான ஆய்வாளர், சிக்கிக்கொண்டவர்களுக்கு. மர்ஃபி, கெல்லி மாதிரிப் பெயரோடு மேரி, பேட்ரிக் சேர்ந்தால் ஒரே பங்கில் பத்துப் பேர் வருவார்கள். அப்போது காசு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் வேலை பயணத்துக்கு முன்பே முடிய வேண்டும். மாவட்ட மையங்களின் கட்டணத் தளமான ரூட்ஸ் அயர்லாந்தில் ஒரு மாதச் சந்தா போட்டுத் தேடிப் பார்த்த பிறகு ஆளை வைப்பது புத்திசாலித்தனம். தேசிய நூலகத்திலும் இலவச வம்சாவளி ஆலோசனை உண்டு. 'பூர்வீகச் சுற்றுலா' என்று பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் வேறு ரகம். கோட்டை, மதுக்கடை, கம்பளிக் கடை, அடுத்த ஊர். அதற்கு என் ஓட்டு இல்லை.

ஊர்ப் பெயர் கடைசிவரை கிடைக்காதவர்கள் காப்பகத்தில் நாளைத் தொலைக்காமல் கார்க் பக்கத்தில் உள்ள கோவ் துறைமுகத்துக்குப் போகலாம். 1848 முதல் 1950 வரை சுமார் 25 லட்சம் பேர் அங்கிருந்துதான் போனார்கள். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் முதல் ஆளாக இறங்கிய ஆனி மூர், தம்பிகளோடு அங்கே சிலையாக நிற்கிறார்.

நம்மவர்களுக்கு ஒரு சங்கதி. அயர்லாந்து ஷெங்கனில் (பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா ஏற்பாடு) இல்லை, தனி விசா வேண்டும். முன்னோர் வடக்கு அயர்லாந்தின் ஆறு மாவட்டக்காரர்கள் என்றால் ஆவணங்கள் பெல்ஃபாஸ்டில் இருக்கும், அது பிரிட்டிஷ் அரசின் கீழ் இருக்கிறது. எல்லையில் சோதனைச்சாவடி இல்லைதான், அதற்காக இந்தியப் பாஸ்போர்ட்காரர் சும்மா தாண்டிவிட முடியாது. இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும்போது பிரிட்டிஷ்-ஐரிஷ் கூட்டுத் திட்டக் குறிப்போடு விசா கிடைத்தால் ஒன்றிலேயே இரண்டும் போகலாம். விசா கொடுத்த நாட்டில்தான் முதலில் இறங்க வேண்டும்.