செல்பேசி வழி வகுப்பு: நாள்பட்ட பயன்பாட்டில் தேறியதும் தேறாததும்

மலையடிவார ஊர் ஒன்றின் அரசு கலைக் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். கொரோனாவால் 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டதிலிருந்து இன்றுவரை ஏதோ ஒரு வடிவில் இணையவழி வகுப்பு எடுத்து வருகிறேன். இத்தனை காலப் புழக்கத்தில் எது நிலைத்தது, எது கழன்றது என்பதை எழுதுகிறேன்.

முதலில் கழன்றது நேரலைக் காணொளி வகுப்பு. பாதிப் பேர் வரமாட்டார்கள். வந்தவர்களும் "சார், குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது" என்று எழுதிவிட்டு மறைந்துபோவார்கள். சோம்பேறித்தனம் என்பது ஆசிரியர் அறைப் பேச்சு. விசாரித்தால் கதையே வேறு. ஒரு மாணவியின் வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவுடையது. அவர் லோடு ஏற்றப் போனால் அதுவும் கூடவே போகும். இரவு ஏழரைக்குத்தான் திரும்பும். அதிலும் முதல் ஒரு மணி நேரம் பிளஸ் டூ படிக்கும் தம்பிக்கு. காலைப் பத்து மணி வகுப்புக்கு அந்தப் பெண் எங்கிருந்து வருவார்?

2021 ஜனவரியில் தமிழக அரசு 9,69,047 மாணவர்களுக்கு ஏப்ரல் வரை தினமும் 2 ஜிபி டேட்டா அறிவித்தது. நல்ல திட்டம், ரீசார்ஜ் செலவு மிச்சமானது. ஆனால் டேட்டா அட்டையைச் செருக ஸ்மார்ட்போன் வேண்டும், அது பகலில் வீட்டில் இருக்க வேண்டும், வீட்டுக்கு டவர் எட்ட வேண்டும். காலமும் ஒத்துழைக்கவில்லை. பிப்ரவரியில் கல்லூரிகள் திறந்தன. இரண்டாம் அலை உச்சத்தைத் தொட்ட மே மாதத்தில் அறிவித்த கெடு முடிந்திருந்தது.

நான் பெரிதாக நினைக்காமல் தொடங்கி, கடைசிவரை உழைத்தது வாட்ஸ்அப் குரல் பதிவு. பத்து நிமிடப் பேச்சு ஒன்றிரண்டு எம்.பி.யில் அடங்கிவிடும். சிக்னல் கிடைக்கும் இடத்தில் இறக்கிக்கொண்டு இரவில் கேட்கலாம். கணக்கை வெள்ளைத்தாளில் போட்டு, வரிக்கு வரி எண் கொடுத்துப் படம் எடுத்து அனுப்புவேன். "மூன்றாம் வரியைப் பாருங்கள், வர்க்கமூலம் எங்கிருந்து வந்தது?" என்று குரலில் தொடர்வேன். பார்க்க அழகாக இருக்காது. மேலே அனுப்பும் அறிக்கையில் ஒட்டுவதற்கு வண்ணப்படமும் தேறாது. பாடம் போய்ச் சேர்ந்தது.

குரலுக்கு அடங்காதது எக்செல். செல்பேசித் திரையில் நாலு நெடுவரிசைகள் தெரிந்தால் அதிகம். சூத்திரம் தட்டப் போனால் விசைப்பலகை எழும்பிப் பாதித் திரையை மறைக்கும்; ஐந்தாம் நெடுவரிசையைத் தேடித் தள்ளினால் விரல் பட்டு வேறு கட்டம் தேர்வாகிவிடும். பிளஸ் டூவில் அரசு மடிக்கணினி பெற்றவர்கள் அதே பயிற்சியைச் சட்டென்று முடித்துவிடுவார்கள். 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தை வெறும் இலவசம் என்று கேலி பேசியவர்கள் இந்த இரண்டு தரப்பையும் அருகருகே பார்த்திருக்க வேண்டும்.

தேர்வு தனித் தலைவலி. வீட்டில் ஏ4 தாளில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, ஒரே பி.டி.எஃப். ஆக்கிப் பதிவேற்ற வேண்டும். பலருக்குப் பழகியிருந்த கேம்ஸ்கேனர், 2020 ஜூனில் ஒன்றிய அரசு தடைசெய்த சீனச் செயலிகளோடு போய்விட்டது. எங்கள் பக்கத்துச் சிக்னல் இறக்குவதற்குத் தாங்கும், ஏற்றுவதற்குத் திணறும். மூன்று மணி நேரம் எழுதிய கையோடு டவர் தேடி சைக்கிள் மிதித்தவர்கள் உண்டு. அந்த மிதிப்புக்கு மதிப்பெண் கிடையாது.

தொற்று போய்விட்டது, இணையவழிப் பாடம் போகவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிகள், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஒன்றிய அரசின் இணையவழிப் பாடத் தளமான 'ஸ்வய'த்தில் படிக்க இடம் தருகின்றன. தமிழக அரசின் 2025-26 பட்ஜெட், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்றது. வரவேற்கிறேன். இதற்கிடையில் என் ஏற்பாடு இதுதான்: பருவத் தொடக்கத்திலேயே செல்பேசி யாருடையது, எத்தனை மணிக்குக் கையில் கிடைக்கும் என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். விளக்கம் குரலில். கேட்டார்களா என்பதை ஒரு கணக்குக்கு வரும் விடையில் தெரிந்துகொள்வேன், அதற்கு இரவு பத்து வரை நேரம். எக்செல் மட்டும் கல்லூரி ஆய்வகத்தில்.