மசினகுடி 'நைட் சஃபாரி': பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

முதுமலைக்குச் செல்லத் திட்டமிடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். மசினகுடியைச் சுற்றியுள்ள சில தங்கும் விடுதிகள், அறை வாடகையுடன் சேர்த்து 'வனத்துறை அனுமதி பெற்ற நைட் சஃபாரி' என்று ஒன்றை விற்கின்றன. அப்படி ஓர் அனுமதி யாருக்கும் வழங்கப்படுவதில்லை. முதுமலையில் சஃபாரி என்பது தெப்பக்காட்டிலுள்ள வரவேற்பு மையத்திலிருந்து வனத்துறை தன் சொந்த வாகனங்களில், காலையிலும் பிற்பகலிலும் மட்டும் அழைத்துச் செல்வது. இருட்டிய பிறகு உங்களை ஜீப்பில் ஏற்றுபவர் எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் அதை நம்ப வேண்டாம். எங்களிடம் அதைச் சொல்லிப் பணம் வாங்கியவர்கள் காகிதம் எதையும் காட்டவே இல்லை.

நாங்கள் மைசூரிலிருந்து குண்டலுப்பேட்டை வழியாகக் காரில் வந்தோம். பந்திப்பூர் தேசியப் பூங்காவினூடே வரும் அந்த நெடுஞ்சாலை, கக்கநல்லா சோதனைச் சாவடியைத் தாண்டியதும் முதுமலைக்குள் நுழைந்து தெப்பக்காட்டில் இரண்டாகப் பிரிகிறது: ஒன்று கூடலூருக்கு, மற்றொன்று மசினகுடிக்கு. வழியெங்கும் புள்ளிமான் கூட்டங்கள், மூங்கில் புதருக்கருகே அசையாமல் நின்ற காட்டெருதுகள், தேக்கு மரங்களில் சாம்பல் மந்திகள் என்று வண்டியை விட்டு இறங்காமலேயே அவ்வளவையும் பார்த்தோம். அந்தச் சாலையில் வாகனத்தை நிறுத்தவோ இறங்கவோ கூடாது என்பதால் மெதுவாக ஓட்டிக்கொண்டே பார்ப்பதுதான் முறை. அதற்கே ஒரு நாள் பயணம் தகும் என்பது என் கருத்து. பந்திப்பூர் வழியே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்கு 2009-ஆம் ஆண்டிலிருந்து தடை இருக்கிறது என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிடும்படி புறப்பட்டிருந்தோம். விலங்குகள் அச்சமின்றி நடமாட இரவையாவது விட்டுவைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்தத் தடையே வந்தது. அந்த இரவைத்தான் எங்களுக்கு விலைக்கு விற்றார்கள்.

அறை முன்பதிவின்போது விடுதி மேலாளர் தொலைபேசியில் கூறியது இது: "பாரஸ்ட் வண்டில போனா மான்தான் சார் தெரியும். நம்ம ஜீப்புல ராத்திரி வாங்க, யானை கன்ஃபர்ம், லக் இருந்தா புலி. ஆபீஸ்ல எல்லாம் சொல்லி வச்சிருக்கோம்." அத்துடன் ஒரு புலியின் காணொளியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார், 'போன வாரம் நம்ம கெஸ்ட் எடுத்தது' என்ற குறிப்புடன். காய்ந்த புல்வெளியில் புலி நடந்து வருகிறது. அதன் பின்னால் திறந்த ஜிப்ஸி வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. முதுமலையில் இப்படித் திறந்த ஜிப்ஸிகள் வரிசைகட்டி நிற்பதில்லை என்பது அங்கே போன பிறகு தெரிந்தது. காணொளியை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தபோது முதல் வண்டியின் எண் பலகை 'எம்.எச்.' என்று தொடங்கியது. மகாராஷ்டிரக் காட்டின் புலியை மசினகுடி விருந்தினர் எடுத்ததாக அனுப்பியிருக்கிறார்கள்.

சஃபாரிக்குரிய தொகையை விடுதியின் பெயரில் இல்லாமல் ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். ரசீது கேட்டதற்கு, 'செக்-அவுட்ல மொத்தமா போட்டுடலாம்' என்றார்கள். கடைசியில் கிடைத்த பில்லில் அறை வாடகையும் சாப்பாடும் மட்டுமே இருந்தன. சஃபாரி என்ற சொல்லே இல்லை.

இரவு உணவுக்குப் பிறகு ஜீப் வந்தது. ஓட்டுநர் முன்னால் அமர்ந்திருக்க, பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓர் இளைஞர் நின்றார். அவர் கையில் வண்டியின் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து இணைத்த பெரிய விளக்கு. மசினகுடியிலிருந்து மாயாறு செல்லும் சாலையில் வண்டி ஊர்ந்து செல்ல, அவர் அந்த வெளிச்சத்தை இருபுறமும் உண்ணிச்செடிப் புதர்களின் மேல் துழாவிக்கொண்டே வந்தார். பச்சையாக மின்னிய கண்கள் தெரிந்ததும் வண்டி நின்றது. மான், பூனை, சிறுத்தை போன்ற விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால், கிடைக்கும் சிறு ஒளியையும் திருப்பியனுப்பும் ஒரு படலம் உண்டு. இருளில் அவற்றுக்குப் பார்வை கூர்மையாக இருப்பதற்கும், விளக்கடித்தால் கண்கள் மின்னுவதற்கும் அதுவே காரணம். அவ்வளவு நுட்பமான கண்ணில் அத்தனை வெளிச்சத்தைப் பாய்ச்சினால் அந்த விலங்குக்கு எதுவும் தெரியாமல் போய்விடும். எங்கள் எதிரே நின்ற கடமான் ஓடாததற்குக் காரணம் துணிச்சல் அல்ல. எந்தப் பக்கம் ஓடுவதென்று அதற்குத் தெரியவில்லை. இளைஞரோ, 'பாருங்க, போஸ் குடுக்குது' என்றார்.

அடுத்து நடந்ததுதான் எல்லாவற்றையும்விட மோசம். சாலையை ஒட்டி ஒரு பெண் யானை, குட்டியுடன் நின்றுகொண்டிருந்தது. அது எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றதால் படம் சரியாக வராது என்று நினைத்த ஓட்டுநர், இன்ஜினை உறுமவிட்டு, இரண்டு முறை ஹாரனும் அடித்தார். யானை திரும்பியது. குட்டி அதன் வயிற்றுக்கடியில் ஒண்டிக்கொள்ள, காதுகளை அகல விரித்து, துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு எங்களை நோக்கிச் சில அடிகள் விரைந்து வந்து, சட்டென்று நின்றது. அது மிரட்டல் பாய்ச்சல்தான் என்று ஓட்டுநர் பிறகு சிரித்துக்கொண்டே விளக்கம் கொடுத்தார். எது மிரட்டல், எது உண்மையான தாக்குதல் என்பது யானைக்கு மட்டும்தான் தெரியும். கதவில்லாத ஜீப்பில், இருட்டில், வளைவுள்ள சாலையில் பின்னோக்கி வண்டியை எடுத்தபோது என் அக்காவின் சிறு மகள் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் எதிரே ஒரு வாகனத்தின் வெளிச்சம் தெரிந்ததும் ஓட்டுநர் விளக்குகளை அணைத்து, வண்டியை ஓரங்கட்டி, மெல்லிய குரலில் எங்களிடம் சொன்னார்: "யாராச்சும் கேட்டா சொந்தக்காரங்கன்னு சொல்லுங்க. சாப்பிட்டுட்டு ரூமுக்குப் போறோம்னு சொல்லுங்க, போதும்." அனுமதி பெற்ற பயணத்தில் பயணிகளுக்குப் பொய் சொல்லிக் கொடுக்க வேண்டிய தேவை ஏன் வருகிறது என்று என் அக்காவின் கணவர் கேட்டதற்கு அவரிடமிருந்து பதில் இல்லை.

இதில் பயணிகள் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. சரணாலய எல்லைக்குள் காட்டு விலங்குகளைச் சீண்டுவதை 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. அச்சட்டத்தின் பொதுவான குற்றங்களுக்கான அபராத உச்சவரம்பு 2022 திருத்தத்தில் 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. வண்டி பிடிபட்டால், பணம் கட்டி ஏமாந்தவர்கள் என்பதற்காக உள்ளே இருப்பவர்களை யாரும் விசாரிக்காமல் விட்டுவிடப் போவதில்லை. விற்றவரோ அந்நேரம் விடுதி வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பார்.

மறுநாள் காலை தேநீர் குடிக்கக் கடைவீதிக்கு நடந்து சென்றபோது, நாங்கள் முந்தைய இரவு 'காட்டுக்குள்' சென்ற அதே சாலையில், பள்ளிப் பிள்ளைகளையும் கூடைகளுடன் பெண்களையும் ஏற்றிக்கொண்டு அரசுப் பேருந்து வந்துகொண்டிருந்தது. ஊர் மக்கள் நாள்தோறும் போய்வரும் சாலையைத்தான் சஃபாரிப் பாதை என்று விற்றிருக்கிறார்கள். இதை மேலாளரிடம் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "அனிமல் பாத்தீங்கல்ல சார், அப்புறம் என்ன?" என்பதே அவருடைய பதில்.

அங்கிருந்து நேராகத் தெப்பக்காடு வரவேற்பு மையத்துக்குச் சென்றோம். சஃபாரி நடக்கும் காட்டுப் பாதைகளில் தனியார் வாகனம் எதற்கும் எந்த நேரத்திலும் அனுமதியில்லை என்று அங்கிருந்த ஊழியர்கள் தெளிவாகச் சொன்னார்கள். நடந்ததை எழுத்துமூலம் கொடுத்துவிட்டு வந்தோம். அன்று பிற்பகல் வனத்துறை வாகனத்திலேயே இடம் கிடைத்தது. அதன் ஓட்டுநர் எதையும் உறுதியளிக்கவில்லை. 'இருந்தா பாக்கலாம்' என்று மட்டும் சொல்லிவிட்டு, ஓரிடத்தில் இன்ஜினை அணைத்துக் காத்திருந்தார். சற்று நேரத்தில் செந்நாய்கள் சில பாதையைக் குறுக்கே கடந்து, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், ஒன்றையொன்று முகர்ந்தபடி புல்லுக்குள் மறைந்தன. உயரே பாறுக் கழுகுகள் வட்டமிட்டதை அவரே சுட்டிக்காட்டினார். இந்தியாவில் அருகிவிட்ட இப்பறவைகள் தென்னிந்தியாவில் இன்னும் கூடுகட்டி வாழும் வெகுசில இடங்களுள் மாயாற்றுப் பள்ளத்தாக்கும் ஒன்று. புலி வரவில்லை. யாரும் அதைக் குறையாகச் சொல்லவும் இல்லை.

விடுதியைத் தேர்வு செய்யும்போதே சில பொய்களை அடையாளம் காணலாம். உதகையிலிருந்து வருபவர்களிடம், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலை வழியாக இறங்கி வந்துவிடலாம், ஆள் அனுப்புகிறோம் என்று சொல்கிறார்கள். விபத்துகள் காரணமாக அச்சாலையில் வெளியூர் வாகனங்கள் கீழிறங்குவதற்குக் கட்டுப்பாடு உள்ளது. கூடலூர் வழியாகச் சுற்றி வருவதே முறையான வழி. இ-பாஸ் எல்லாம் தேவையில்லை, சமாளித்துக்கொள்ளலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. இணையத்தில் சில நிமிடங்களில் எடுத்துவிடலாம். இவ்வளவு எளிய விதியையே மீறச் சொல்லும் விடுதி, இரவில் உங்கள் பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

விடுதிக்கு உரிமம் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள். மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் பகுதி யானைகளின் வழித்தடம். அதைப் பாதுகாக்கும் தமிழக அரசின் அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்தது. வழித்தடத்திலுள்ள விடுதிகள் பல அதற்கு முன்பே நீதிமன்ற உத்தரவால் மூடி முத்திரையிடப்பட்டவை. இப்படிப்பட்ட இடத்தில் முன்பணம் கட்டிவிட்டுப் போய் நின்றால், சஃபாரி மட்டுமல்ல, தங்கும் அறையே கேள்விக்குறியாகலாம்.

எங்கள் பணம் இன்னும் திரும்பவில்லை. மேலாளர் இப்போது எங்கள் எண்ணைத் தடை செய்துவிட்டார். ஏற்கெனவே இப்படிப் பணம் கட்டியவர்கள் ஜிபே பரிவர்த்தனைப் பதிவையும், வாட்ஸ்அப் உரையாடலையும், ஜீப்பின் பதிவெண்ணையும் அழிக்காமல் வைத்திருங்கள். வனத்துறைப் புகாருக்கு வண்டி எண் பயன்படும். பணத்துக்காக நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வதென்றால் மற்ற இரண்டும் கையில் இருக்க வேண்டும். நாங்கள் அந்த மனுவைத்தான் இப்போது தயார் செய்துகொண்டிருக்கிறோம்.